அடியெடுத்துக் கொடுப்பவர்கள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



தில்லையில் சேக்கிழார் பெருமானுக்கு இறைவனே முதலடியை எடுத்துக் கொடுத்தான் என்பது தமிழுலகம் போற்றி வரும் செய்தி. புலவர் பாடிய காப்பியம் பெரிது. எனினும் அந்த முதலடி உரிய வேளையில் கிடைத்த பின்னரே பாட்டுத் தொடங்கியது. நாடக மேடையிலும் அவ்வாறு அடியெடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவையோர் கண்ணுக்கு அவர்கள் தெரிவதில்லை. ஒருவர் விளக்குப் பலகையின் முன் அமர்ந்திருப்பார். மற்றொருவர் ஒலிபெருக்கிச் சாதனங்களின் அருகே இருப்பார். மூன்றாமவர் திரையோரத்தில் கையில் ஏட்டுடன் நிற்பார். விளக்கு எப்போது மங்க வேண்டும், முரசு எப்போது முழங்க வேண்டும், எப்போது இரண்டும் வாளா இருக்க வேண்டும் என்பதை இம்மூவரும் ஒருமனத்தோடு அறிந்து செயற்படுவதே ஒளி, ஒலி ஒருங்கிணைப்பு. நாடகக்காரர்கள் இந்த வேளையறிவிப்பைக் ‘கியூ’ என்பார்கள். இவ்வுரையில் அது ‘குறிப்பு’ என்றே வழங்கப்பெறும்.

கவிஞர் கூடிய அவையில் விளக்கையும் ஒலிபெருக்கியையும் பற்றிப் பேசுவானேன் என்ற வினா எழலாம். இலக்கிய வட்டங்கள் கவியரங்கோடு நின்றுவிடுவதில்லை. ஆண்டு விழாக்களில் சிறு நாடகமும் அரங்கேறுகிறது. பல திங்கள் உழைத்து எழுதிய உரையாடல், விளக்குக்காரர் விரைந்ததாலோ ஒலிக்காரர் அயர்ந்ததாலோ ஒரு நொடியில் பாழாவதுண்டு. அங்கே பாழாவது மின்சாரம் அன்று, சொல். சொல்லைக் காப்பது கவிஞரின் கடமை. ஆகவே இப்பொருள் இவ்வவைக்கு உரியதே.

இளங்கோவடிகள் இதனை நன்கு உணர்ந்திருந்தார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் ஆடலை மட்டும் கூறுவதன்று; ஒரு மேடை எவ்வாறு இயங்க வேண்டும் என்பதையும் கூறுவது. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என அரங்கின் அளவு சொல்லப்படுகிறது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தப்பட்டது என்று ஒளியமைப்பும் சொல்லப்படுகிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் சொல்லப்படுகின்றன. கருவிகள் ஒலித்த முறைதான் இங்கே சிறப்பாகக் கருதத்தக்கது. குழலின் வழியே யாழ் நின்றது. யாழின் வழியே தண்ணுமை. தண்ணுமையின் பின்னே முழவு. முழவோடு கூடி ஆமந்திரிகை. ஒவ்வொன்றும் தனக்கு முன்னுள்ளதைக் கேட்டு எழுந்தது. முன்னது பின்னதற்குக் குறிப்பாயிற்று.

அக்காதையில் மற்றொரு செய்தியும் உண்டு. அரங்கிற்கு வேண்டிய வல்லுநர்களின் தகுதியைக் கூறி வரும்போது, ஆடலாசிரியனுக்கும் இசையாசிரியனுக்கும் அடுத்தபடியாகக் கவிஞனை நிறுத்துகிறார் அடிகள். தண்ணுமையோனும் குழலோனும் யாழாசிரியனும் அவனுக்குப் பின்னரே வருகிறார்கள். பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டிற்குச் சென்றவனாகக் கவிஞன் அங்கே காட்டப்படவில்லை. மேடைக் குழுவின் நடுவில் நிற்கிறான். இடைக்காலத்தில் அந்த இடம் எவ்வாறோ நழுவிப் போயிற்று.

நழுவாத இடமும் ஒன்று உண்டு. அதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. மதுரை, திண்டுக்கல் பகுதிகளிலும் பெரியகுளம் முதல் கம்பம் வரையிலான இப்பள்ளத்தாக்கிலும் கோயில் திருவிழா இரவுகளில் நடைபெற்று வரும் ஸ்பெஷல் நாடகமே அது. அதன் தலைமை ஆசிரியராகப் போற்றப்படுபவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய அவருடைய நாடகங்களே இன்றளவும் அம்மேடையின் முதல். ராஜபார்ட் ஓரூரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் ஆர்மோனியக் கலைஞரும் தனித்தனியே வந்து சேர்வார்கள். இவர்கள் கூடி ஒத்திகை பார்ப்பதில்லை. எழுதி வைத்த குறிப்பேடும் இல்லை. ஆயினும் விடியும் வரை ஒரு நாடகம் குலையாமல் நடந்தேறுகிறது.

அதன் மறை செவியில் இருக்கிறது. உரையாடலின் இறுதிச் சொல்லை நடிகர் சற்றே நீட்டினால், பாட்டு வருகிறது என்று ஆர்மோனியக் கலைஞர் அறிவார். நடிகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் சுருதி எழுந்து நிற்கும். நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்கையில் வாதத்தின் முனை எங்கே விழும் என்று மிருதங்கக் கலைஞர் காத்திருப்பார். பபூன் இடறி விழும் கணத்தில் ‘ஆல்ரவுண்ட்’ கலைஞரின் தட்டு முழங்கும். ஒரு கணம் பிந்தினாலும் சிரிப்பு எழாது. மேடை விளக்கு பெரும்பாலும் இரவு முழுவதும் ஒரே சீராக எரிந்து கொண்டிருப்பதால், காட்சி மாற்றத்தையும் மனமாற்றத்தையும் ஒலியே சுமக்கிறது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் (1906-1933) கே.பி. சுந்தராம்பாளும் கடைசி வரிசை வரை கேட்கப் பாடிய மரபின் தொடர்ச்சி அது. பாடங்கள் அனைவருக்கும் மனப்பாடம். ஆகையால் எவர் எங்கே எடுத்துக் கொடுத்தாலும் மற்றவர் பற்றிக் கொள்வார்.

இலக்கிய வட்டத்தார் நடத்தும் நாடகத்திற்கு அந்த வாய்ப்பு இல்லை. உரையாடல் புதியது. நடிகர் ஆசிரியராகவோ வணிகராகவோ உழவராகவோ இருப்பார்; மாலையில் மட்டும் ஒத்திகைக்கு வருவார். விளக்கும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு வருகின்றன. அவற்றை இயக்குபவர் நாடகத்தை முதன்முதலாக அன்றைய இரவில்தான் பார்க்கிறார். தலைமுறை தலைமுறையாகச் செவியில் இருந்த அறிவு இங்கே இல்லாததால், அதன் வேலையை ஏடு செய்ய வேண்டியிருக்கிறது. குறிப்பேட்டின் தேவை இங்கிருந்தே பிறக்கிறது.

ஒளியும் ஒலியும் ஒத்துழைத்தால் சிறு மேடை என்ன செய்யும் என்பதற்கு வங்கத்தில் ஒரு சான்று உண்டு. 1959ஆம் ஆண்டு கல்கத்தாவின் மினர்வா அரங்கில் உத்பல் தத் ‘அங்கார்’ என்னும் நாடகத்தை மேடையேற்றினார். நிலக்கரிச் சுரங்கத்துள் வெள்ளம் புகுந்து தொழிலாளர் மூழ்குவது அதன் உச்சக் காட்சி. மேடையில் நீர் இல்லை. ஒளியமைப்பாளர் தாபஸ் சென் ஒளியை அலையாக எழுப்பினார். ரவிசங்கரின் இசை அதனோடு சேர்ந்தது. அவையோர் வெள்ளத்தைக் கண்டார்கள். பாதல் சர்க்காரோ விளக்கும் மேடையும் இன்றியே நாடகம் நிகழும் என்று காட்டினார். 1980ஆம் ஆண்டு சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் அவர் நடத்திய பட்டறை தமிழ் நாடகக்காரர் பலரைத் தொட்டது. அதற்கு முன்னரே, 1977இல், இப்பகுதிக்கு அண்மையிலுள்ள காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் முதலியோர் நாடகப் பயிற்சிப் பட்டறை நடத்தியிருந்தார்கள். விளக்கைக் கொண்டாடிய வழிக்கும் விளக்கைத் துறந்த வழிக்கும் ஒரு செய்தி பொதுவானது: வேளை தவறக் கூடாது. விளக்கில்லாத மேடையில் நடிகரின் உடலும் குரலும் ஒன்றுக்கொன்று குறிப்பாகின்றன, அவ்வளவே வேறுபாடு.

இனி, பெரியகுளம் வட்டத்து ஜெயமங்கலம் போன்றதோர் ஊரில், திறந்த வெளியில், கண்ணகி வழக்குரைத்த காட்சியை ஒரு சிறு குழு நடிப்பதாகக் கொள்ளலாம். இப்பள்ளத்தாக்கிற்குக் கண்ணகி அயலவள் அல்லள். மதுரையை நீங்கி மேற்கே வந்து மலையேறிய அவளுக்குக் கூடலூருக்கு மேலேயுள்ள மலைமுகட்டில் மங்கலதேவி கோயில் இருக்கிறது. சித்திரை முழுநிலவு நாளில் மக்கள் ஏறிச் சென்று வழிபடுகிறார்கள். கதை எல்லாரும் அறிந்தது. ஆகவே, அடுத்து என்ன நடக்கும் என்பதில் அன்று, எந்தக் கணத்தில் நடக்கும் என்பதிலேயே அவையின் மனம் இருக்கும்.

இக்காட்சிக்கு ஆறு குறிப்புகள் போதும். வாயிற்காவலன் தன் செய்தியைச் சொல்லி முடித்ததும் அரசவையின் மீது ஒளி ஐந்து நொடியில் பரவுதல் முதற்குறிப்பு. சிலம்பு அரசன்முன் வைக்கப்பட்டதும் கருவிகள் அனைத்தும் அடங்குதல் இரண்டாவது. சிலம்பு உடைதல் மூன்றாவது. அதன்பின் வரும் அமைதி நான்காவது. அரசன் தன் குற்றத்தைத் தானே சொல்லி முடித்தபின் ஒளி பத்து நொடியில் மங்குதல் ஐந்தாவது. இருள் முழுமையானபின் ஒற்றை முரசொலி ஆறாவது.

முதலாவதும் ஐந்தாவதும் சொல்லைப் பற்றியவை. இரண்டாவதும் மூன்றாவதும் செயலைப் பற்றியவை. நான்காவதும் ஆறாவதும் காலத்தைப் பற்றியவை. ஒவ்வொரு குறிப்புக்கும் ஏட்டில் எண், எதனைப் பற்றியது, எவர் செய்வது, எவ்வளவு நேரம் ஆகும் என்பவை எழுதப்பட வேண்டும். திரையோரத்தில் நிற்பவர் ஒருவரே குறிப்பு வழங்க வேண்டும். இருவர் வழங்கினால் ஒன்றும் நடவாது, அல்லது இருமுறை நடக்கும். அவர் முதலில் ‘ஆயத்தம்’ என்பார். இயக்குபவர் கையை உரிய இடத்தில் வைத்துக் காத்திருப்பார். பின் ‘இப்போது’ என்பார். பேசும் கருவி இல்லாவிட்டால், சிவப்புத் தாள் சுற்றிய கைவிளக்கு போதும்: எரிந்தால் ஆயத்தம், அணைந்தால் இப்போது.

சிலம்பு உடையும் குறிப்பிற்கு ஆயத்தம் எங்கே சொல்லப்பட வேண்டும்? சிலம்பைக் கொணர்க என்று அரசன் ஆணையிடும்போதே சொல்லிவிட வேண்டும். ‘இப்போது’ என்பது கண்ணகியின் கை உயரும்போது அன்று, தாழும்போது. பதிவு செய்த ஒலியைவிட, திரைக்குப் பின்னே ஒருவர் வெண்கலத் தட்டில் கூழாங்கற்களைச் சிதறவிடுவது மேல். அவர் கண்ணகியின் கையையே பார்த்துக் கொண்டிருக்கிறார். ஒருநாள் கை தாமதித்தால் அவரும் தாமதிப்பார். பதிவொலிக்கு அந்தக் கண் இல்லை. பதிவையே பயன்படுத்துவதாயின், கைப்பேசியை அழைப்பு வராத நிலையில் வைத்து, கம்பி வழியாகவே ஒலிபெருக்கியோடு இணைக்க வேண்டும். கம்பியில்லாத புளூடூத் இணைப்பில் ஒலி சிறிது பிந்தியே வெளிப்படும்; நாடகத்தில் அந்தச் சிறிதே பெரிது.

உடைந்த சிலம்பின் ஒலி கேட்டதும் விளக்குக்காரருக்கு ஏதேனும் செய்யத் தோன்றும். செய்யக் கூடாது. பரல் தெறித்துத் தன்மேல் பட்ட அரசனின் முகத்தை அவை அப்போது பார்த்துக் கொண்டிருக்கிறது. ஒளி அசைந்தால் கண் ஒளியின் பின்னே சென்றுவிடும். தண்ணுமையாசிரியனுக்கு ஆக்கலும் தெரிந்திருக்க வேண்டும், அடக்கலும் தெரிந்திருக்க வேண்டும் என்று அரங்கேற்று காதை கூறுவதன் பொருள் இங்கே விளங்கும். நான்காம் குறிப்பு அடக்கல். அது வெறுமை அன்று. எண்ணி நடத்தப்படும் அமைதி. எதனால் எண்ணுவது? தொல்காப்பியர் மாத்திரைக்கு இரண்டு அளவுகளைக் கூறினார்: கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். ஒன்று ஒளிக்கு உரியது; மற்றது ஒலிக்கு உரியது. மேடை இயக்குபவரின் கருவிப் பெட்டி அன்றே இலக்கணத்தில் இருந்திருக்கிறது.

ஐந்தாம் குறிப்பில்தான் கவிஞரின் சொல் உயிர் பெறுவதும் உயிர் விடுவதும் நிகழ்கின்றன. தமிழ்த் தொடரில் வினை இறுதியில் வருகிறது. எதிர்மறையும் இறுதியிலேயே வருகிறது. ‘என் கணவன் கள்வன் அல்லன்’ என்று கண்ணகி சொல்வதாக ஓர் உரையாடல் அமைந்திருக்கட்டும். தொடர் முடிந்துவிட்டது என்று கருதி முரசுக்காரர் ஒரு சொல் முந்தினால் ‘என் கணவன் கள்வன்’ என்பது மட்டுமே அவைக்குக் கேட்கும். கண்ணகி எதற்காக அரசவைக்கு வந்தாளோ அதற்கு மாறானதை மேடை சொல்லிவிடும். வினை முன்னே வரும் மொழிகளில் இறுதிச் சொல்லின்மீது விளக்கு மங்கத் தொடங்கினாலும் பொருள் பெரும்பாலும் தப்பிவிடும். தமிழில் தப்பாது. தமிழ் மேடையில் குறிப்பு வழங்குபவர் இறுதிச் சொல்லின் இறுதி எழுத்து வரை காத்திருந்து, அதன்பின் ஒரு மாத்திரை விட்டே ‘இப்போது’ சொல்ல வேண்டும். வினை முன்னே வரும் மொழிகளின் நாடக நூல்களில் இவ்விதியை எதிர்பார்க்க இயலாது. தமிழ் எழுதுபவரே இதனைக் கற்பிக்க வேண்டும்.

யாப்பில் அமைந்த நாடகமாயின் இன்னும் கவனம் வேண்டும். மோனை முதலெழுத்தில் நிற்கிறது. எதுகை இரண்டாம் எழுத்தில் நிற்கிறது. அடியின் தொடக்கத்தில் பறை விழுந்தால் இரண்டும் ஒருசேர மறையும். ஆகவே ஒலிக்குறிப்பு அடியின் முடிவில் விழ வேண்டும். அடுத்த அடி தொடங்குமுன் ஓய வேண்டும். பாட்டின் அடியில் தொடர்ந்து இசை இழையோடுவதும் நன்றன்று. கூம்பு ஒலிபெருக்கியில் லகர, ளகர, ழகர வேறுபாடு தனியே பேசும்போதே முழுமையாகக் கேட்பதில்லை. இசையும் கலந்தால் முற்றும் கரைந்துவிடும்.

இடத்தின் இயல்பையும் அறிய வேண்டும். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. நூறு மீட்டர் தொலைவில் நிற்பவர் கண்ணகியின் கை தாழ்வதை உடனே காண்பார். ஒலியோ நொடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிந்தி வரும். சிறு நாடகத்திற்கு அவையை நெருக்கி அமர்த்துவதே தீர்வு. ஒலியைக் கூட்டுவது தீர்வன்று. ஆனி, ஆடித் திங்களில் இப்பள்ளத்தாக்கில் வீசும் காற்று காற்றாலைகளைச் சுழற்ற வல்லது. ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை இடாவிட்டால் அக்காற்றே உரையாடல் பேசும். மின்சாரத்திலும் கணக்கு உண்டு. ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கு ஒன்று நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டுச் சுவரிலுள்ள ஐந்து ஆம்பியர் முனையில் இரண்டைப் பொருத்தினால் அரசன் சாவதற்கு முன்பே உருகி போய்விடும். உப்புநீர்ப் பானைகளில் தகடுகளை இறக்கி ஏற்றி விளக்கை மங்கச் செய்த காலமும் ஒன்று இருந்தது. உயிருக்கு ஊறு விளைக்கக்கூடிய அம்முறைக்கு இன்று தேவையில்லை. எல்.இ.டி. விளக்குகள் சிறிதளவு மின்சாரமே கொள்கின்றன. ஆனால் இழை விளக்கு மங்கும்போது செம்மை ஏறி மெல்ல அவிவது போல அவை அவிவதில்லை. மலிவானவை இறுதியில் சட்டென்று வெட்டிவிடும். பத்து நொடி மங்கலை அவற்றில் முன்கூட்டிப் பலமுறை பார்த்துக் கொள்ள வேண்டும்.

ஒத்திகை மூன்று வகையாக நடைபெற வேண்டும். முதலாவது, நடிகர் இன்றி ஏட்டை மட்டும் உரக்கப் படித்துக் குறிப்புகளை எண்ணிப் பார்த்தல். இரண்டாவது, உரையாடலைத் தாண்டித் தாண்டிக் குறிப்பிலிருந்து குறிப்பிற்குச் செல்லுதல். மூன்றாவது, அனைத்தும் சேர்ந்த முழு ஒத்திகை. சிறு குழுக்கள் இரண்டாவதை விட்டுவிடுகின்றன. நடிகருக்கு அது சலிப்பூட்டும் என்பது உண்மையே. ஆயினும் விளக்குக்காரருக்கும் ஒலிக்காரருக்கும் அது ஒன்றே ஒத்திகை.

இத்தனைக்குப் பிறகும் நாடகத்தின் நடுவே மின்சாரம் நின்றுவிடலாம். அப்போது செய்ய வேண்டியதும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்: மின்கல விளக்கு எவர் கையில், முரசு எவர் கையில், நடிகர் எந்த இடத்தில் நின்று குரலை உயர்த்துவார் என்பவை. கிட்டப்பாவின் காலத்து மேடை ஒலிபெருக்கி இன்றி நடந்தது. மாதவியின் மேடை நிழல் விழாத ஒரு விளக்கில் நடந்தது. கருவி நின்றாலும் கேட்கும் செவி நிற்காதிருந்தால் நாடகம் நிற்காது.

இவ்வட்டத்தின் முன் வைக்கப்படும் வேண்டுகோள் இரண்டு. வரும் ஆண்டில் இப்பகுதிக் கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் நடைபெறும் ஓரிரவு, உறுப்பினர் சிலர் அவையில் அமராமல், இசைவு பெற்று, ஆர்மோனியக் கலைஞரின் அருகே அமர்ந்து விடியும் வரை அவர் எதைக் கேட்கிறார் என்பதைக் கவனிக்கட்டும். எழுதப்படாத அந்தக் குறிப்பேடு அக்கலைஞர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்களோடு அது மறைந்துவிடக் கூடாது. அடுத்து, வட்டத்தின் நாடகம் மேடையேறும் நாளில், அதனை எழுதிய கவிஞர் முன்வரிசையில் மாலையுடன் அமர வேண்டாம். திரையோரத்தில் ஏட்டைக் கையில் பிடித்து நிற்கட்டும். தம்முடைய தொடர் எங்கே முடிகிறது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் எவர்? ‘அல்லன்’ என்ற சொல் முடியும் வரை முரசுக்காரரின் கையைப் பிடித்து நிறுத்துவதற்கு அவரே தக்கவர்.